நாலாவது டிஸ்க் போகும் நாள்

பாட்சா பாய் சுகுமாருக்குத் தர வேண்டிய கடன் இருபத்திரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். மூன்று டிஸ்க்கின் விலை, ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைம்பது வீதம், ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது. ஒரு மாதச் சம்பளம் பதினேழாயிரம். இரண்டையும் கூட்டினால் அந்தத் தொகை வரும். அது கடன்தான் என்று ஒப்புக்கொள்ள பாய்க்கு ஏறக்குறைய எட்டு மாதம் பிடித்தது. ஒப்புக்கொண்ட பிறகும் பத்தொன்பது நாள் சும்மா இருந்தார். அந்தப் பத்தொன்பது நாளை அவரால் இன்றுவரை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பாட்சா பாய் லேசுப்பட்ட ஆள் கிடையாது. அதைச் சொல்லாமல் மேலே போனால் கதை நிற்காது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. பதினான்கு வயதில் குரோம்பேட்டையில் உப்புத் தோல் சுமந்தவர். பிறகு சைக்கிள் கேரியரில் வீடியோ கேசட்டுகளை அடுக்கிக்கொண்டு தெருத் தெருவாக வாடகைக்கு விட்டார். அப்புறம் மொட்டை மாடியில் ஒரு பெரிய குடையைக் கவிழ்த்து வைத்து, நூற்றிருபது வீட்டுக்குக் கேபிள் டிவி கொடுத்தார். கேபிள் படுத்த காலத்தில் மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இவர் அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து இன்டர்நெட் விட்டார். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை ஆயிரம் வீடு. தாம்பரத்துக்குக் கிழக்கே அவரைத் தெரியாத மனிதன் இருக்கலாம், தெரியாத கம்பம் கிடையாது. ஒரு வங்கி வாசலிலும் நின்றதில்லை, ஒரு எம்.எல்.ஏ. வீட்டுக் காம்பவுண்டிலும் காத்திருந்ததில்லை. அறுபத்து நாலு வயதில் இதையெல்லாம் சொல்லிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. அவரும் குறை வைக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் பெருமைக்கு அவர் ஒரு கண்ணாடி வைத்திருந்தார். 'பாட்சா நெட்' ஆபீஸின் முன்பக்கக் கண்ணாடிக்குள், தெருவைப் பார்த்து, நாற்பத்து மூன்று அங்குல டிவி. அதில் அவருடைய ஆயிரம் வீட்டுக் கோடுகளும் பச்சைப் பச்சையாகத் துள்ளும். எந்த வீட்டில் எவ்வளவு நெட் ஓடுகிறது என்று செகண்டுக்கு ஒரு தரம் புதுசாக வரையும். பெரிய கம்பெனிக்காரன் எவனாவது டை கட்டிக்கொண்டு தெருவில் ஆள் பிடிக்க வந்தால், பாய் தன் வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து டிவி முன்னால் நிறுத்துவார்.

"பாருங்க சார், இதோ துள்றது உங்க வூடு. உங்க புள்ள இப்போ கேம் ஆடிகினு கீறான். இப்டி ஒவ்வொரு செகண்டும் உங்களப் பாத்துக்கறவன் அந்தக் கம்பெனில எவன் கீறான்?"

வாடிக்கையாளருக்கு மகன் கேம் ஆடுகிற செய்திதான் முக்கியமாகப் படும். அவர் வேகமாக வீட்டுக்குப் போவார். பாய்க்கு அது வெற்றி.

டிவிக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் ரவுட்டர். ஆயிரம் வீட்டு நெட்டும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க். சுழலாத, சத்தம் போடாத, சீட்டுக்கட்டு அளவுள்ள தகடு. பெட்டியின் மூளையும் அதில்தான், துள்ளுகிற கோடுகளின் கணக்கும் அதில்தான்.

இதையெல்லாம் கட்டி நிறுத்தியவர் சுகுமார். டிப்ளமா படித்தவர். மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற ஆலையில் கான்ட்ராக்டில் இருந்து, கான்ட்ராக்ட் முடிந்ததும் வெளியே வந்து, பாயிடம் சேர்ந்து பதினோரு வருஷம். நாற்பத்தொரு வயது. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா. எந்தப் பொருளை மாட்டினாலும் மாட்டிய தேதியை அதன் மேல் எழுதுவார். பேசுவது குறைவு. பாய் இரண்டு ஆளுக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

முதல் டிஸ்க் ஏழரை மாதத்தில் செத்தது. சுகுமார் மவுண்ட் ரோடு பக்கம் போய் இன்னொன்று வாங்கி வந்து மாட்டினார். பில் இல்லாமல் வாங்கினால் முந்நூறு ரூபாய் குறையும். பில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவர் பாய்தான். இரண்டாவது டிஸ்க்கும் ஏழரை மாதத்தில் போனது. அப்போதே சுகுமார் சொன்னார்.

"பாய், தப்பு டிஸ்க்குல இல்ல. நம்ம டிவில இருக்கு."

"டிவி இன்னா பண்ணிச்சு?"

"இந்த டிஸ்க்கு எவ்ளோ தடவை படிச்சாலும் தேயாது பாய். எழுதினாத்தான் தேயும். ஒரு வீட்டுக் கணக்குல ஒரே ஒரு நம்பர மாத்தணும்னாக்கூட, நாலாயிரம் எழுத்து புடிக்கற ஒரு பக்கத்தையே புதுசா எழுதும். ஆயிரம் வீடு. செகண்டுக்கு ஆயிரம் பக்கம். ராத்திரி பகல் பாக்காம எழுதிக்கிட்டே இருக்கு. அத அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சிடுவோம். மத்த குறிப்பெல்லாம் மெமரில சேத்து வெச்சு, ஒரு நாளைக்கு ஒரு தடவை டிஸ்க்குல எறக்கிடலாம்."

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அசையற படத்த எவன்யா நின்னு பாப்பான்? பொணத்த வெச்சுகினு வேடிக்கை காட்டச் சொல்றியா?"

பேச்சு அங்கேயே முடிந்தது. பாய்க்குத் தேய்மானம் புரியாமல் இல்லை. வாடகைக் கேசட் காலத்தில், ஒரே கேசட்டில் திரும்பத் திரும்பப் படம் பதிந்து, நாளடைவில் கதாநாயகி முகத்தில் மழை பெய்யும் வரை ஓட்டியவர் அவர். எழுதி எழுதி அழித்தால் எதுவும் தேயும் என்று தாம்பரத்திலேயே அவருக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தும் டிவி நிற்கக் கூடாது.

மூன்றாவது டிஸ்க் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் இறுதி ஆட்டத்தின் நடுவில் செத்தது. ஆறு மணி நேரம் ஆயிரம் வீடும் இருட்டு. ஆபீஸ் வாசலில் முப்பது பேர். அறுபத்திரண்டு வீடு அந்த வாரமே கம்பெனிக்காரனிடம் போய்விட்டது; டிவியில் கோடு குறையக் கூடாது என்று பாய் அவற்றின் கணக்கை மட்டும் நீக்கவில்லை. பதினைந்து வருஷத்தில் பாயின் முகத்தில் விழுந்த முதல் அடி. அவர் அதைத் திருப்பி யார் மேலாவது இறக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர் சுகுமார்.

"ஒவ்வொரு டிஸ்க்கும் ஏழரை மாசத்துல அடக்கமாவுது. யாருகிட்டடா வேலை காட்டற? பழசத் தொடச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, புதுசுன்னு எனக்கே விக்கறியா?"

பதினோரு வருஷத்தில் பாய் அவரை 'டா' போட்டது அன்றைக்குத்தான். முப்பது பேரும் கேட்டார்கள்.

"வார்த்தைய அளந்து பேசுங்க பாய்," என்றார் சுகுமார். "நான்தான் கணக்குச் சொன்னேனே. ஒரு நாளைக்கு முந்நூத்து நாப்பத்தஞ்சு ஜி.பி. எழுதுது. இந்த டிஸ்க்குக்குக் கம்பெனி போட்ட ஆயுசு எண்பதாயிரம் ஜி.பி. வகுத்துப் பாருங்க. இருநூத்தி முப்பத்தோரு நாள். மூணு டிஸ்க்கும் கிட்டத்தட்ட அந்த நாள்லதான் போயிருக்கு. திருட்டுப் பொருளா இருந்தா இப்டி நாள் தவறாம சாகுமா?"

"நான் அஞ்சாங்கிளாஸு. எனக்கு வகுக்கத் தெரியாது. ஆனா திருடனத் தெரியும்."

அந்த மாதச் சம்பளம் நின்றது. மூன்று டிஸ்க்கின் விலை, முன்னமே சுகுமார் சம்பளத்தில் பிடித்து வைத்திருந்த பணத்துக்குச் சரியாகக் கழிந்தது. நாலாவது டிஸ்க்கைப் பாயே ஆட்டோ பிடித்துப் போய், இருக்கிற கடைகளிலேயே பெரிய கடையில், சீல் உடைக்காமல், தன் பெயருக்குப் பில் போட்டு வாங்கி வந்தார். அதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். சுகுமார் மாட்டினார். பழைய கணக்குகளை ஏற்றினார். கோடுகள் துள்ள ஆரம்பித்தன. பிறகு மார்க்கரை எடுத்து அலமாரிக் கதவின் உட்புறம், பாயால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிற அளவு பெரிசாக, தமிழில் எழுதினார்:

போட்டது டிசம்பர் 3. போகும் நாள் ஜூலை 22. கிராஃப் பக்கத்தில் 1 என்பதை 300 ஆக்கினால் போதும் பாய்.

"இது நீங்க உங்க கையால வாங்கினது," என்றார். "இதுவும் போனா அன்னிக்கு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. காசுகூட வேணாம். நீ திருடல சுகுமாருன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு மாதிரி. பாய்க்கு எழுத வராது என்பதால் வாட்ஸ்அப்பில் எல்லாமே வாய்ஸ்தான். பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரையிலான ஆபரேட்டர்கள் நூற்றுச் சொச்சம் பேரும் சுகுமாரும் இருக்கிற குரூப்பில், அன்று சாயங்காலமே முப்பத்தெட்டு செகண்டுக்கு ஒரு வாய்ஸ் போட்டார். சுகுமார் என்கிற ஆள் சரக்கு மாற்றுகிறவன், சேர்த்தால் உங்கள் பாடு என்று. பாய் சொன்னால் அந்த வட்டாரத்தில் அதற்கு அப்பீல் கிடையாது. அதுவும் அவர் பெருமைகளில் ஒன்று. ஒரு ஆபரேட்டரும் சுகுமாரைச் சேர்க்கவில்லை. மூன்று மாதம் அலைந்துவிட்டு அவர் சேலையூர் வீட்டைக் காலி செய்து பொத்தேரிக்குப் போனார். அங்கே மாணவர்கள் தங்கும் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மனைவி ஜெயக்கொடி ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி தேய்த்தாள். இந்தச் செய்தியெல்லாம் பாய் காதுக்கு வந்தது. "கை சுத்தமா இருந்தா கஷ்டம் ஏன் வருது?" என்று டீக்கடையில் சொன்னார்.

ஜூலை இருபத்திரண்டு வந்தது. அன்று முழுக்கப் பாய் ஆபீஸை விட்டு நகரவில்லை. கோடுகள் துள்ளிக்கொண்டே இருந்தன. மறுநாள் காலையில் டீக்கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

"இருபத்திரண்டு போயே போச்சு! டிஸ்க்கு ஓடுது! பாட்சா கையால வாங்கின சரக்குய்யா!"

டீ குடித்தவர்கள் எதற்கு என்று தெரியாமலே வாழ்த்தினார்கள்.

ஜூலை இருபத்தாறு காலை பத்தே காலுக்கு டிவியில் ஆயிரம் கோடும் ஒன்றாக நின்றன.

நெட் ஓடுவதற்குப் பக்கத்து ஆபரேட்டரின் பெட்டி ஒன்று இரவலாக வந்தது. இரண்டு நாள் கழித்து, வாரண்டி இருக்கிறது, பில் இருக்கிறது என்று பாய் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் உள்ள சர்வீஸ் கவுன்டருக்குப் போனார். கவுன்டரில் ஹேமாவதி என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். டிஸ்க்கைத் தன் கருவியில் சொருகினாள், திரையைப் பார்த்தாள்.

"வாரண்டி வராது சார்."

"ஏம்மா? எட்டு மாசங்கூட ஆவல. உள்ள டூப்ளிகேட் சரக்கா?"

"ஒரிஜினல்தான் சார். கெடல, தேஞ்சிருக்கு. இது எவ்ளோ எழுதியிருக்குன்னு அதுவே கணக்கு வெச்சிருக்கும். எண்பதாயிரம் ஜி.பி.க்குத்தான் கேரண்டி. நீங்க எண்பத்தோராயிரம் எழுதிட்டீங்க. இப்போ படிக்க விடும், எழுத விடாது." பிறகு சிரித்தாள். "சாதாரணமா ஒரு வீட்டு கம்ப்யூட்டர்ல இத இருபது வருஷம் ஓட்டலாம். அப்படி என்ன சார் எழுதினீங்க, ராமாயணமா?"

பாய் சிரிக்கவில்லை. "ஒரு நாளைக்கு எவ்ளோ எழுதிருக்குன்னு சொல்ல முடியுமா?"

அவள் தட்டினாள். "முந்நூத்து நாப்பத்தஞ்சு சொச்சம் சார்."

அந்த எண்ணைப் பாய் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார், முப்பது பேருக்கு நடுவில். கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஹேமாவதி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

"செகண்டுக்கு ஒரு தடவை எழுதறத அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஆக்கினா எவ்ளோ நாள் வரும்மா?"

"முந்நூறு மடங்கு சார். கணக்குப்படி நூத்தித் தொண்ணூறு வருஷம். ஆனா அதுக்கு முன்னாடி வேற ஏதாவது கெட்டுப் போயிடும். எல்லாத்துக்கும் தேய்மானம் மட்டுமா சாவு?"

புது டிஸ்க்கை அங்கேயே வாங்கினார். கணக்குகளை அதற்கு மாற்றிக் கொடுத்ததும் ஹேமாவதிதான். அன்றே, ஜூலை இருபத்தெட்டு, பாய் தானே அலமாரியைத் திறந்து, கதவில் இருந்ததை விரலால் தடவித் தடவிப் படித்து, கீபோர்டில் இரண்டு விரலால் 1 என்பதை அழித்து 300 என்று அடித்தார். வேலை அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிவியில் கோடுகள் அடங்கின. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை லேசாக அசைந்தன, தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி. ஒரு வாரம் பார்த்தார். ஏன் டிவி துள்ளவில்லை என்று தெருவில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

கணக்குப் புரிந்த அன்றைக்கே சுகுமாருக்குப் போன் செய்திருக்க வேண்டும். எண் மனப்பாடம். எடுத்தார், வைத்தார். எப்படி ஆரம்பிப்பது? பாட்சா யாரிடமும் தப்பு என்று சொல்லி நின்றதில்லை. வெறுங்கையோடு போய் நிற்கவும் கூடாது. தீபாவளி வரட்டும். சம்பளத்தை இருபத்தையாயிரமாக்கி, வேட்டி சட்டை, ஸ்வீட் பாக்ஸ், ஒரு லட்சம் ரூபாய் கவரில் போட்டு, எல்லோரையும் கூட்டி வைத்து, 'வாய்யா சுகுமாரு' என்று அணைத்துக்கொள்ள வேண்டும். ஊரே பேச வேண்டும். மன்னிப்புக் கேட்பதைக்கூட அவரால் விழாவாகத்தான் யோசிக்க முடிந்தது.

மனைவி பரிதா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். "போய் குடுத்துட்டு வாங்க. காசு வாங்கறதுக்குத்தான் நல்ல நாள் பாப்பாங்க, குடுக்கறதுக்கும் நாள் பாக்கறவர இப்பதான் பாக்கறேன்."

"ஒனக்குத் தெரியாது. செய்யறத பெரிசா செய்யணும்."

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சுகுமாரின் எண்ணிலிருந்து பாய்க்குப் போன் வந்தது. மணி முழுக்க அடித்து நின்றது. திரும்பவும் வந்தது. பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். அவனாகக் கேட்டு நாம் கொடுத்தால் விழா ஏது? எடுக்கவில்லை.

ஆகஸ்ட் பதினாறு காலையில் ஆபரேட்டர் குரூப்பில் மறைமலை நகர் அசாரின் வாய்ஸ் வந்தது. "நம்ம பாய்கிட்ட வேலை பாத்த சுகுமாரு தவறிட்டாராம்ப்பா. டெங்கு. ஜொரத்தோட வண்டி ஓட்டிருக்காரு. சின்ன வயசு."

பாய்க்குத் தான் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியவில்லை. வாய் தானாக, "இன்னா லில்லாஹி..." என்று சாவுச் செய்திக்குரிய வார்த்தையை முணுமுணுத்தது. பொத்தேரிக்குப் போனார். சாமியானாவுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றார். யாரும் அவரைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சுகுமார் இன்னும் ஒல்லியாக இருந்தார். சட்டைப் பை காலியாக இருந்தது. சாவு வீட்டில் கவரை நீட்ட முடியாது. திரும்பி வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள் கழித்து மறுபடி போனார். மெஸ்ஸின் பின்பக்கம் ஜெயக்கொடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"நாலாவது டிஸ்க் என்னாச்சு பாய்?"

"போச்சும்மா."

"எப்போ?"

"ஜூலை இருபத்தாறு."

அவள் பிசைவதை நிறுத்தினாள். "நாலு நாள்தானா தப்பு," என்றாள், பாயிடம் இல்லை, அடுப்புப் பக்கம் பார்த்து. "இருபத்திரெண்டு ராத்திரி தூங்கவே இல்ல அவரு. இன்னிக்குப் போயிருக்கும், பாய் நாளைக்குக் கூப்பிடுவாருன்னு. நாளைக்குன்னாரு, மக்யா நாள்னாரு. அப்புறம் சொல்ல ஆரம்பிச்சாரு, ஒருவேளை போகலியோ ஜெயா, என் கணக்குதான் தப்போன்னு. பேப்பர எடுத்து வெச்சுக்கிட்டு மறுபடி மறுபடி வகுத்துப் பாத்தாரு. வாரக்கணக்குல. கடைசியா ஆஸ்பத்திரில, பாய்க்குப் போன் போட்டுக் கேளு, டிஸ்க்கு போச்சா இல்லியான்னு மட்டும் கேளுன்னாரு. நான்தான் போட்டேன். ரெண்டு தடவை."

"நான் எடுக்கலம்மா."

"தெரியும். நீங்க எடுக்கல. பாய் பிஸியா இருப்பாருன்னு அவர்கிட்ட சொன்னேன்."

"எனக்குத் தெரியும்மா," என்றார் பாய். "அன்னிக்கே தெரியும். பன்னெண்டு நாளாவே தெரியும். கணக்கு சரின்னு தெரிஞ்சுதான் எடுக்காம இருந்தேன். தீபாவளிக்கு வரலாம்னு..."

ஜெயக்கொடி திட்டுவாள் என்று பாய் காத்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஷெல்ஃபிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தாள். சுகுமாருடையது. ஒரு இடத்தைத் தொட்டாள். பாயின் குரல் வந்தது. முப்பத்தெட்டு செகண்ட். சமையல்கட்டு முழுக்க அவருடைய கம்பீரம். சரக்கு மாற்றுகிறவன். சேர்த்தால் உங்கள் பாடு. கடைசியில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது. அப்படிச் சிரித்தது பாய்க்கு ஞாபகமே இல்லை.

"எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க," என்றாள்.

பாய் தன் போனை எடுத்தார். பொத்தானை அழுத்திப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம், சலாம். நான் பாட்சா பேசறேன், சேலையூர் பாட்சா நெட். முப்பது வருஷமா இந்த ஃபீல்டுல, ஒத்த ஆளா நின்னு..."

"அது வேணாம் பாய்," என்றாள் ஜெயக்கொடி. "விஷயத்தச் சொல்லுங்க."

விரலை எடுத்தார். அழித்தார். மறுபடி அழுத்தினார். இந்த முறை குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"சுகுமாரு திருடல. மூணு டிஸ்க்கும் என் டிவியாலதான் தேஞ்சுது. அவரு முன்னாடியே சொன்னாரு, நான் கேக்கல. நாலாவது டிஸ்க்க நானே வாங்கினேன், அதுவும் அவரு சொன்ன கணக்குலதான் போச்சு. நான் சொன்னது பொய். பாட்சா சொன்னது பொய்."

அனுப்பினார். அனுப்பிய சத்தம் கேட்டது. அந்தப் பழைய போனிலும் அது வந்து விழுந்தது. ஜெயக்கொடி அதைப் போட்டு ஒரு தடவை கேட்டாள். முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு போனைச் சட்டையால் துடைத்தாள். ஷெல்ஃபில் மடித்து வைத்திருந்த சுகுமாரின் சட்டை அது. அதன் மேலேயே போனை வைத்தாள்.

பாய் கவரை எடுத்து நீட்டினார். "ஒரு லட்சம் கீதும்மா. வேணாம்னு சொல்லாதே."

அவள் கவரைத் தொடவில்லை. "இதுல எங்களுது எவ்ளோ?"

"எல்லாம் ஒன்னுதுதாம்மா."

"எங்களுது எவ்ளோன்னு கேட்டேன் பாய். அவரு ஒரு கணக்கு எழுதி வெச்சிருக்காரு. உங்க கணக்கு என்னன்னு பாக்கணும்."

"இருபத்திரண்டாயிரத்து எண்ணூத்தம்பது."

ஜெயக்கொடி தலையசைத்தாள். சரியாக இருந்தது போலும். "அத மட்டும் எண்ணிக் குடுங்க," என்று வலது கையை நீட்டினாள். ரேகை எல்லாம் மாவு.

கவரில் இருந்தவை முழுக்க ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். பாய் ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கையில் வைத்தார். வாழ்நாளில் எத்தனையோ நோட்டுகளைக் கட்டை விரலால் விசிறி எண்ணியவர், இப்போது ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று எண்ணினார். பத்து. இருபது. நடுவில் ஒருமுறை கணக்குத் தப்பி, முப்பத்தொன்றா இரண்டா என்று திணறியபோது, "முப்பத்தொண்ணு," என்று ஜெயக்கொடிதான் எடுத்துக் கொடுத்தாள். நாற்பத்தைந்தோடு இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. மிச்சத்துக்குக் கவரில் சில்லறை இல்லை. இன்னொரு ஐந்நூறை வைக்கப் போனார். அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

பாய் கவரை இடுப்பில் செருகிவிட்டுத் தன் சட்டைப் பையைத் துழாவினார். பஸ் டிக்கெட், தலைவலி மாத்திரை, டீக்கடைக்காரன் கொடுத்த கசங்கிய நோட்டுகள். மூன்று நூறு கிடைத்தது. அந்த மூன்றையும் வைத்தார். கால்சட்டைப் பையின் மூலையில் நாலாக மடங்கிய ஓர் ஐம்பது இருந்தது. அதைப் பிரித்து, நீவி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அதுவரை திறந்தே இருந்த உள்ளங்கையை ஜெயக்கொடி அப்போதுதான் மூடினாள்.